தீவை விழுங்கியது யார்?

‘கடல் கொண்டது’ என்ற தொடர் நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தென்மதுரையைக் கடல் கொண்டது என்பர். கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்பர். பூம்புகாரைக் கடல் கொண்டது என்பர். இவற்றுள் எது வரலாறு, எது வழிவழி வந்த செய்தி என்று ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. அந்தத் தொடரின் எழுவாய் எது? கடல். கொண்டதும் கடல், கொன்றதும் கடல், ஆகவே பழியும் கடலுக்கே! மனிதன் அந்தத் தொடரில் இல்லை. இருந்தாலும், இழந்தவனாக மட்டுமே இருக்கிறான்.

நம் காலத்திலும் கடல் கொண்ட நிலம் உண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், மாலை கோத்தாற்போல 21 தீவுகள் உள்ளன என்று நூல்கள் கூறும். அவற்றுள் இரண்டை இன்று காண இயலாது. கீழக்கரைப் பகுதியில் இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பகுதியில் இருந்த விலாங்குசல்லித் தீவும் நீருக்கடியில் சென்றுவிட்டன. சங்க காலத்தில் அன்று; நம் பெற்றோரின் வாழ்நாளில்! கதையில் மூழ்கிய நாட்டுக்காகக் கண்ணீர் வடிக்கும் தமிழகம், கண்ணெதிரே மூழ்கிய தீவுகளுக்காக ஒரு பெருமூச்சேனும் விட்டதா? கடல் கொண்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டது.

உண்மையில் கொண்டது கடல்தானா?

அந்தத் தீவுகள் கருங்கல்லால் ஆனவை அல்ல. பவளம் என்பது ஓர் உயிர். மென்மையான சிற்றுடல் படைத்த அந்த உயிர், கடல்நீரில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. ஒன்று மாண்டால் அதன் கூட்டின்மேல் மற்றொன்று கட்டுகிறது. இவ்வாறு ஆயிரமாயிரம் ஆண்டுகள், கோடானுகோடி உயிர்கள் எழுப்பிய கட்டடமே பவளப்பாறை. முருகைக்கல் என்று கடற்கரை மக்கள் குறிப்பது இதனையே. இந்தப் பாறையின் உடைசல்களும் மணலும் சேர்ந்து மேடிட்டு உருவானவை அத்தீவுகள். பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும்; பாறையின் மறைவில் தீவு நிற்கும்; தீவின் மறைவில் கரை நிற்கும்.

அந்தப் பாறையைத்தான் பல பத்தாண்டுகள் கடப்பாரை கொண்டு பெயர்த்தனர். வள்ளம் வள்ளமாகக் கரை சேர்த்தனர். காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாக்கினர், ஆலைக்கு மூலப்பொருளாக்கினர், கட்டடத்திற்குக் கல்லாக்கினர். அரண் இடிந்தபின் ஊர் நிற்குமா? தடுப்பார் இல்லாத அலை நேரே வந்து மணலை வாரிச் சென்றது. தீவு தேய்ந்தது, தேய்ந்து மறைந்தது. அலை புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. என்றும் செய்வதையே அன்றும் செய்தது. புதிதாகச் செய்தவன் மனிதன்!

‘தீவு மூழ்கியது’ என்பது தன்வினை. ‘தீவை மூழ்கடித்தனர்’ என்பது பிறவினை. வகுப்பில் மாணவர் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். நாடே குழப்பிக்கொண்டால் யார் குறைப்பது? சொற்றொடரில் எழுவாய் வெளிப்படாமல் இருக்கலாம். அதனைத் தோன்றா எழுவாய் என்று இலக்கணம் கூறும். தோன்றாது, ஆனால் உண்டு. இலக்கணம் எளிதில் ஒப்புக்கொள்ளும் இந்த உண்மையை நம் அறவுணர்வு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. செய்தவன் கண்ணுக்குத் தோன்றாவிட்டால், செய்ததே குற்றம் அன்று எனத் தீர்ப்பளிக்கிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

முதலில், கல் பெயர்த்த செய்தியையே எடுத்துக்கொள்வோம். கடப்பாரை பிடித்த கை யாருடையது? அன்றாடக் கூலிக்காக மூச்சடக்கி மூழ்கிய ஏழையின் கை. அந்தக் கை தெரிந்தது. அதன் பின்னே கல்லுக்கு விலை பேசிய கை தெரியவில்லை. காளவாயில் இலாபம் எண்ணிய கை தெரியவில்லை. மலிவான சுண்ணாம்பு வாங்கிச் சுவரை வெளுத்த கை தெரியவில்லை. ஆயினும், ஒரு கையேனும் தெரிந்ததால் ஒரு வழி பிறந்தது. 1986ஆம் ஆண்டு அத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலோர மக்களே பாறையின் அருமையை உணர்ந்தனர். அதையடுத்துக் கல்லெடுப்பு நின்றது. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினர்; தீவின் தேய்வு தடுக்கப்பட்டது. மனிதன் கெடுத்ததை மனிதனே தடுக்கவும் முடியும் என்பதற்கு இது சான்று.

அத்துடன் கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கடப்பாரை ஓய்ந்தது, பவளத்தின் சாவு ஓயவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் பெரும்பரப்பில் வெளிறின. யாரும் பாறையைத் தொடவில்லை. தொடாமலே அது வெண்ணிறம் பூண்டது. எப்படி?

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கதிரொளியைக் கொண்டு அவை உணவு சமைக்கின்றன. பவளத்திற்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வரை அவை தருகின்றன. பவளத்தின் வண்ணமும் அவை தந்ததே. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை அளவு உயர்ந்து, சில வாரங்கள் அப்படியே நின்றால், இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உணவும் போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினி கிடந்து சாகும். கடலில் ஒரு பாகைதானே என்று நாம் எண்ணலாம். நம் உடலில் ஒரு பாகை ஏறினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோமே!

ஏன் ஏறியது வெப்பம்? நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழுந்த கரியமில வாயு வானில் போர்வையாகப் படிந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதனால் பூவுலகில் தங்கிய மிகை வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டது. மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்கையும் கடலே விழுங்குகிறது. விழுங்கியதன் விளைவாகக் கடல்நீரின் அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியிருக்கிறது. சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு ஓடு கட்டுவதே கடினமாகிறது. கடல் நம்மைத் தாங்கியது. தாங்கியதற்கு அதன் குடிமக்கள் விலை கொடுக்கின்றனர்.

மீனுக்கு ஒரு வழி உண்டு. நீர் சுட்டால் வேறு நீர் தேடி நீந்தும். கேரளக் கடலுக்கே உரியதாகக் கருதப்பட்ட மத்தி மீன், 1980களுக்குப் பின்னர் நம் கீழைக் கடலிலும் பெருகியதை அறிஞர்கள் கடல் வெப்ப மாற்றத்தோடு தொடர்புபடுத்திப் பேசுகின்றனர். பவளத்திற்கு அந்த வழியும் இல்லை. பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்ட உயிர் அது. கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாத பவளப்பாறைகள், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வீடாகவும் உணவாகவும் விளங்குகின்றன. ஓட முடியாத ஒன்றின் நிழலில் ஓடக்கூடிய ஆயிரம் வாழ்கின்றன. வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை அழியும். 2 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய அனைத்துமே அழியும் என்று உலக அறிஞர் குழு 2018ஆம் ஆண்டு எச்சரித்தது. உலகு தழுவிய நான்காவது வெளிறல் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

முதற்சாவில் கடப்பாரை இருந்தது. இரண்டாம் சாவில் கடப்பாரை எங்கே? கை எங்கே? இங்கேதான் மனித மனம் பழைய பாட்டைப் பாடத் தொடங்குகிறது. ‘காலம் கெட்டுவிட்டது’ என்கிறது. ‘இயற்கையின் சீற்றம்’ என்கிறது. ‘எல்லாம் விதி’ என்கிறது. அம்மை நோய்க்கு அம்மனின் சினத்தைக் காரணம் காட்டிய அதே மனம்! நோயின் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே அம்மை ஒழிந்தது; சினம் தணிந்ததால் ஒழியவில்லை. கடல் தாயும் அன்று, தண்டிக்கும் தெய்வமும் அன்று. அதற்குச் சீற்றமும் இல்லை, இரக்கமும் இல்லை. நாம் இட்டதைத் தன் விதிப்படி திருப்பித் தருகிறது, அவ்வளவே.

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு. அவர்களின் வாதங்களை ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

‘மாற்றம் உலக இயற்கை, பனியூழிகள் வந்தன, போயின, எத்தனையோ இனங்கள் தோன்றி மறைந்தன, இதுவும் அப்படியே’ என்பது முதல் வாதம். மாற்றம் இயற்கைதான். சாவுகூட இயற்கைதான். மனிதன் ஒருநாள் சாகத்தான் போகிறான் என்பதனால், அவனை இன்று குத்தியவனை நீதிமன்றம் விடுதலை செய்யுமா? இயற்கையாக நிகழக்கூடியது என்பது, செயற்கையாக நிகழ்த்துவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல வந்த மாற்றத்திற்கு உயிர்கள் தம்மைப் பழக்கிக்கொள்ள நேரம் இருந்தது. இரு நூற்றாண்டுகளில் வரும் மாற்றத்திற்கு அந்த நேரம் இல்லை.

‘யாரும் பவளத்தைக் கொல்ல வேண்டும் என்று எண்ணவில்லையே, விளக்கேற்றினர், வண்டி ஓட்டினர், ஆலை நடத்தினர், உள்ளத்தில் தீமை இல்லாதபோது குற்றம் ஏது?’ என்பது இரண்டாம் வாதம். அறியாமை இருந்தவரை இது செல்லும். ஆனால் கரியமில வாயு கூடினால் உலகின் வெப்பம் கூடும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு கணக்கிட்டுக் கூறியது 1896ஆம் ஆண்டு. அந்த வாயு ஆண்டுதோறும் ஏறுவதை அவாய்த் தீவின் மலையுச்சியில் கீலிங் அளக்கத் தொடங்கியது 1958ஆம் ஆண்டு. நாடுகள் கூடி இதற்கென உடன்படிக்கை செய்துகொண்டது 1992ஆம் ஆண்டு. அறியாது செய்தது பிழை. அறிந்தபின் செய்வது குற்றம். பிழையின் காலம் என்றோ முடிந்துவிட்டது.

மூன்றாவது வாதமே வலியது. ‘உலகில் எண்ணூறு கோடி மக்கள், இவர்களில் ஒருவன் ஏற்றும் விளக்கால் ஒரு பவளமும் சாகாது, எவனுடைய பங்கும் கொலைக்குப் போதாதபோது எவனைக் கொலையாளி என்பீர்?’ இந்த வாதத்தின் வலிமை அதன் கணக்கில் இருக்கிறது. அதன் பொய்யும் அங்கேயே இருக்கிறது. ஆயிரம் பேர் ஒருவன்மீது ஆளுக்கு ஒரு கல் எறிகின்றனர். அவன் சாகிறான். என் கல்லால் அவன் சாகவில்லை என்று ஒவ்வொருவனும் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயிரம் உண்மைகளைக் கூட்டினால் ஒரு பெரும்பொய் கிடைக்கிறது: அவனை யாரும் கொல்லவில்லை! பிணம் மட்டும் கிடக்கிறது.

இந்தப் பொய்யை நாம் முன்பே அறிவோம். ஒரு மனிதனைத் தெருவில் நடக்கவிடாமல் தடுத்தபோது, யார் தடுத்தார் என்று கேட்டால் ஒருவரும் முன்வரவில்லை. ‘நானா செய்தேன்? ஊர் வழக்கம்’ என்றனர். வழக்கத்திற்குக் கையில்லை, காலில்லை, முகவரியில்லை. ஆயினும் அது மனிதனை மிதித்தது. எல்லோரும் சேர்ந்து செய்து எவரும் பொறுப்பேற்காத கொடுமையே கொடுமைகளில் நீண்ட ஆயுள் உடையது. ‘வழக்கம்’ என்ற திரையை விலக்கி, ‘செய்வது நீ, நீயே நிறுத்தலாம்’ என்று சொல்லத் துணிந்தவர்களால்தான் அது ஆட்டம் கண்டது. கடலுக்கு நேரும் கொடுமையிலும் அந்தத் திரையே தொங்குகிறது.

அப்படியானால் எல்லோரும் ஒரே அளவு குற்றவாளிகளா? இல்லை, இல்லவே இல்லை. ‘நாம் அனைவருமே பொறுப்பு’ என்று மேடையில் முழங்குவதும் ஒருவகைத் தப்பித்தல்தான். பொறுப்பை எல்லோர் தலையிலும் சமமாகத் தெளித்தால், பெரும்பங்கு உடையவன் சிறுபங்கு உடையவனின் பின்னால் ஒளிந்துகொள்வான். உலக மக்களில் செல்வம் மிகுந்த பத்தில் ஒரு பகுதியினர் வெளியிடும் வாயு, மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி என்பது கணக்கு. இதுவரை வானில் சேர்ந்த கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்கு அமெரிக்க நாடு ஒன்றினுடையது. எறிந்த கல்லின் எடைக்கேற்பக் குற்றம். நிறுத்தக்கூடிய ஆற்றலுக்கேற்பக் கடமை. இதுவே அறத்தின் அளவுகோல்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னார் வளைகுடாக் கரைக்கு மீண்டும் வருவோம். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து வயிறு வளர்க்கின்றனர். கடல் அவர்களுக்கு வயல். அவர்கள் வீட்டு அடுப்புப் புகை வானத்தில் என்ன கறை படியச் செய்துவிடும்? ஆயினும், பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் சில நாள்கள் மட்டுமே எடுப்பது என்று அவர்கள் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டனர். பட்டம் பெறாதவர் கட்டிய வரம்பு அது! பட்டமும் பதவியும் பணமும் உடைய உலகம் தனக்கு அத்தகைய வரம்பு கட்டத் தயங்குகிறது. பூங்காவின் எல்லையைக் காட்டி அந்தப் பெண்களை மறிக்கச் சட்டத்திற்குக் கை நீள்கிறது. கடலைச் சுட வைத்தவர்களை மறிக்க எந்தக் காவல் படகு செல்கிறது? குற்றம் ஓரிடம், தண்டனை ஓரிடம்! இதைவிடப் பெரிய அறக்கேடு வேறென்ன?

பவளத்தின் நிலை அப்பெண்களின் நிலையினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கேனும் வாய் உண்டு, மனுக் கொடுக்கலாம், ஊர்வலம் போகலாம். பவளத்திற்கு வாயும் இல்லை, வாக்கும் இல்லை. நமக்குப் பயன்படுகிறது, ஆகவே காப்போம் என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் அது வணிகனின் கணக்கு. வாயில்லாத உயிருக்கு இழைத்த தீங்கையும் தீங்கு என்று ஒப்புக்கொள்வதே நீதியின் கணக்கு. முறையிட வல்லவனுக்கு மட்டும் நீதி வழங்கும் ஊரில், நீதி என்பது அச்சத்திற்கு இட்ட மறுபெயரே.

‘ஏழை நாட்டை இருட்டில் இருக்கச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பவர்க்கும் ஒரு சொல். இல்லை. விளக்கில்லாத வீட்டில் விளக்கெரிய வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எதை எரித்து விளக்கேற்றுவது என்பதே கேள்வி. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன; தென்பாண்டிச் சீமையின் வெயில் கதிரொளித் தகடுகளில் மின்னாற்றலாகிறது. காற்றும் கதிரும் நம்மிடம் விலை கேட்பதில்லை. இல்லாதவனுக்குப் புதிய வழியில் விளக்கு. ஏற்கெனவே ஆயிரம் விளக்கு வைத்திருப்பவனுக்கு வரம்பு. இது ஏழையின் ஒளியைப் பறிப்பதன்று; அவன் பிள்ளைகளுக்குக் கடலை மிச்சம் வைப்பது.

கண்ணுக்குத் தெரியாத கையை எப்படிப் பிடிப்பது என்று மலைக்க வேண்டியதில்லை. ஒருமுறை பிடித்திருக்கிறோம். குளிர்ப்பெட்டியிலும் தெளிப்புக் குப்பியிலும் இருந்து வெளிவந்த வாயுக்கள், கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தைத் தின்று வந்தன. தென்முனையின் மேலே அந்தப் படலம் மிக மெலிந்துவிட்டதை 1985ஆம் ஆண்டு அறிஞர்கள் வெளியிட்டனர். எந்தக் குளிர்ப்பெட்டி செய்த குற்றம் என்று எவராலும் சுட்ட முடியுமா? முடியாது. ஆயினும் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. பணமும் தொழில் நுட்பமும் உடைய நாடுகள் முன்னே நடக்க வேண்டும், ஏழை நாடுகளுக்குக் கூடுதல் காலமும் பொருளுதவியும் தரப்பட வேண்டும் என்று முடிவு செய்தன. அந்த வாயுக்கள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. இன்று அப்படலம் மெல்லத் தேறி வருகிறது. குற்றவாளியின் பெயர் தெரியாமலே குற்றம் நிறுத்தப்பட்டது. ‘என் பங்கு சிறிது’ என்ற வாதத்தை நாடுகள் கைவிட்டதனால் அது நடந்தது.

ஆகவே, நண்பர்களே, ‘கடல் சுடுகிறது’ என்று செய்தித்தாள் எழுதினால், சுட வைத்தது யார் என்று கேட்போம். ‘மீன் அருகிவிட்டது’ என்று அதிகாரி உரைத்தால், அருகச் செய்தது யார் என்று கேட்போம். ‘வளர்ச்சிக்காக’ என்று ஒரு திட்டம் வந்தால், யாருடைய வளர்ச்சி, யாருடைய தேய்வு என்று கேட்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம் கேட்போம். ஆலை நடத்துவோரிடம் கேட்போம். நம் வீட்டு மின்விசையை அழுத்தும் நம் விரலையும் கேட்போம். மாணவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுப்போம். பதிலைப் பிற்பாடு அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தூத்துக்குடிக் கடலில் காரியசல்லி என்று இன்னொரு தீவு உண்டு. ஆண்டுக்காண்டு அது சுருங்கி வருகிறது. அதுவும் ஒருநாள் மறையுமானால், அன்று எழுதப்படும் தொடருக்குக் கடலை எழுவாய் ஆக்க நமக்கு உரிமை இல்லை. அது இன்னும் நீருக்கு மேலே நிற்கிறது. அந்தத் தொடரை எழுதாமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.